என் பெருமாளுக்கு ஒரு பாடம், அவர்கள் மாரிக்கு ஒரு பாடம்

நர்சிங் பள்ளியில் சைக்காலஜி பாடம் எப்படி ஒருவர் கைக்கு வருகிறது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அனாட்டமியைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள். குழந்தை நலத்துக்குச் சண்டையே நடக்கும். சைக்காலஜி மட்டும், 'கதை மாதிரிதானே, யாராவது எடுங்க' என்று மேசையிலேயே கிடக்கும். கடைசியாக வந்து சேர்ந்தவர் தலையில் அதைக் கட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு இப்போது உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால் கேளுங்கள்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பன்னிரண்டாவது முடித்து நர்சிங் டிப்ளமோ. அப்புறம் வெளியூரில் மனநல வார்டில் பல காலம் வேலை. வேலை பார்த்துக்கொண்டே இன்னொரு படிப்பைத் தட்டுத் தடுமாறி முடித்தேன். அதை வைத்துத்தான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டியூட்டர் ஆனேன். சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். நிலம் வைத்து விவசாயம் பார்த்த குடும்பம். குளித்துத் திருமண் இட்டுக்கொள்ளாமல் வாசல் தாண்ட மாட்டேன். சனிக்கிழமையானால் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில். அங்கே மூலவர் ஒரு கல் கம்பம்தான். அதன் முன்னால் போய் நின்றால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஏன் வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உங்களில் சாமி கும்பிடுகிறவர்களும் இருப்பீர்கள், கும்பிடாதவர்களும் இருப்பீர்கள். இந்தப் பாடத்தில் இருவருக்கும் கால் வழுக்குகிற இடம் ஒன்றேதான். பிள்ளைகள் எழுந்து, "சார், பேய் இருக்கா?" என்பார்கள். "சாமி வருதே, அது நெசமா?" என்பார்கள். அந்த இடத்தில் நான் இரண்டு முறை வழுக்கினேன். ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். முதலாவதைச் சொன்னால்தான் இரண்டாவது புரியும்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து நின்றாள். அவள் அண்ணன் ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறானாம். சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறானாம். வீட்டில் செய்வினை என்று சொல்லி கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார்களாம். இதைக் கேட்ட மாத்திரத்தில் அது என்ன என்று எனக்குத் தெரியும். வார்டில் அந்த நோய்க்காரர்களோடுதான் நான் பல காலம் குடித்தனம் நடத்தினேன். ஆனாலும் என் வாயில் வந்தது வேறு. நம்பிக்கையோடு இருக்கிற குடும்பத்தை நாம் ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். பெருமாளை வேண்டிக்கொள்ளம்மா, மனசு தெளியும் என்று சொல்லி அனுப்பினேன். அவளும் நம்பிப் போனாள்.

பல மாதம் கழித்து அந்தப் பையனைக் கயிற்றில் கட்டி ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நான் மாணவிகளைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன். அந்தப் பிரிவின் டாக்டர் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று வீட்டாரைச் சத்தம் போட, தங்கச்சிக்காரி என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். சார்தான் வேண்டிக்கச் சொன்னார் என்று.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். சாமி நம்பிக்கை இல்லாதவர். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் உறைக்கும்.

"நீங்க பாடம் எடுக்குறீங்களா, குறி சொல்றீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "வேண்டிக்க வேணாம்னு நான் சொல்லல சார். மொதல்ல எங்கிட்ட அனுப்புங்க. அனுப்பிட்டு வேண்டிக்கச் சொல்லுங்க."

அந்தப் பையன் இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறான். பெருமாள் காப்பாற்றினார். அதற்கு என் வாய் ஒரு தடையாகத்தான் இருந்தது.

சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன். இனிமேல் வகுப்பில் சாமிப் பேச்சே கூடாது, எல்லாவற்றையும் அறிவியலாகத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நானும் விஷயம் தெரிந்தவன்தான் என்று காட்டிக்கொள்கிற ஆசையும் கூடவே வந்துவிட்டது. குறி சொல்கிறவன் என்று அந்த டாக்டர் சொன்னது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு ஹிஸ்டீரியா பாடம் வந்தது. மனசில் உள்ள நெருக்கடி உடம்பு வழியாக வெளியே வருவதற்கு அந்தக் காலத்தில் வைத்திருந்த பெயர் அது. இப்போது அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். நான் பழைய பெயரிலேயே நடத்தினேன். சாப்பாட்டுக்கு முந்தின வகுப்பு. பாதிப் பிள்ளைகள் கண் சொருகிக் கிடந்தார்கள். எழுப்பி விடலாம் என்று, நம்ம ஊர்களில் ஆடி மாதம் பொம்பளைகளுக்கு அருள் வருகிறதே, அதுதான் இது என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. நடித்தும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாக்கைத் துருத்தி, தலையைச் சுற்றி, கையை விரித்து, "டேய், எனக்குக் கூழு எங்கடா" என்று கத்தினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் உற்சாகம் வந்து இன்னொரு சுற்று ஆடினேன்.

மனநல வார்டில் நான் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டதே நோயாளியை நடித்துக் காட்டக் கூடாது என்பதுதான். அன்று நடித்துக் காட்டியது நோயாளியைக்கூட இல்லை.

உமா என்று ஒரு மாணவி. வாய்த்துடுக்கு உண்டு, கெட்ட எண்ணம் கிடையாது. எழுந்து கேட்டாள்.

"சார், நீங்க கல்லங்குறிச்சியில கம்பத்துக்கு முன்னாடி நின்னு அழுவீங்களாம். எங்க சித்தி பாத்துருக்காங்க. அது எந்தப் பாடத்துல வருது சார்?"

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அது பக்தி. இது ஹிஸ்டீரியா. படிச்சவங்களுக்கு வித்தியாசம் தெரியணும்."

இந்த வார்த்தையை இங்கே எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் ஒரு பதிலும் இருந்திருக்காது. அது என் சாமி, இது அடுத்த தெருச் சாமி. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் மறைக்காமல் சொல்கிறேன். அருள் வருகிறவர்கள் என்றதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது எங்கள் வயலில் நடவு நட்ட பொம்பளைகள்தான். நான் நடித்ததும் அவர்களைப் பார்த்துத்தான். அதை யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் பெருமாள் மன்னிக்க மாட்டார்.

வகுப்பில் சிரிக்காத ஒருத்தி இருந்தாள். சங்கீதா. திருமானூர் தாண்டி கொள்ளிடக்கரை ஊர். அப்பா இல்லை, அம்மா நடவு, களை என்று கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தாள். அந்தத் தெருவிலிருந்து நர்சிங் வந்த முதல் பிள்ளை. நான் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வாள். வகுப்பு முடிந்து என் பின்னாலேயே வந்தாள்.

"சார், அது மருந்துல சரியாயிடுமா?"

"ஆயிடும்மா. நல்லா கவுன்சிலிங் குடுத்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு பிள்ளை தனியாக வந்து இப்படிக் கேட்டால், யாருக்கும்மா என்று திருப்பிக் கேளுங்கள். பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆடி நெருங்கிய சமயம். அதே மனநலப் பிரிவில் பயிற்சி. ஒரு நாள் காலையில் சங்கீதா தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். பெயர் அஞ்சலை. ஒல்லியான உடம்பு, வெயிலில் வெந்த முகம், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தூக்கம் வராத கேஸ் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னம்மா செய்கிறது என்று கேட்டார். அந்தம்மா மகளைப் பார்த்தாள். மகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அம்மாவுக்கு ஹிஸ்டீரியா இருக்கு சார், வருஷா வருஷம் வருது.

டாக்டர் அவளை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். தூக்கம் உண்டா, பசி உண்டா, வேலைக்குப் போகிறீர்களா. எல்லாம் உண்டு. அது எப்போது வரும் என்றார். ஆடியில் ஆற்றங்கரையில் கரகம் ஜோடிக்கும்போது பம்பை அடித்தால் வரும் என்றாள். அவர்கள் தெரு வழக்கம் அது. கரகம் தூக்குவது பூசாரிதான். ஆனால் அஞ்சலைக்கு அருள் வந்து, 'தூக்கு' என்று அவள் உத்தரவு கொடுத்தால்தான் கரகம் தரையை விட்டு எழும்பும். அவளுக்கு முன்னால் அவள் மாமியாருக்கு வந்ததாம். அன்று ஒரு நாள் தெருவில் பெரியவர், சின்னவர் எல்லாரும் அவள் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றி விழுந்து கும்பிடுவார்களாம்.

"அது வந்து போனதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க?"

"தண்ணி குடிச்சிட்டு வூட்டுக்குப் போயி சோறாக்குவேங்க."

"அதனால உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எம்பொண்ணுக்குத்தான் கஷ்டமாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது ஹிஸ்டீரியா என்று யார் பாப்பா சொன்னது என்று கேட்டார். சங்கீதா பெருமையாகத்தான் என் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. இந்தம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை, நல்லா இருக்காங்க என்று அனுப்பிவிட்டு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"போன தடவ நோயாளிய சாமிகிட்ட அனுப்புனீங்க. இந்தத் தடவ சாமியவே எங்கிட்ட அனுப்பிட்டீங்க" என்றார். சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு, அந்த ஆளுக்கு அவஸ்தை தராமல், வேலை வெட்டியைக் கெடுக்காமல் வந்து போவது நோயில் சேராது என்று நீங்கள் நடத்துகிற புத்தகத்திலேயே இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன் என்றேன். ஆடிக் காட்ட நேரம் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவரே சொன்னார்: "எனக்கு சாமி கிடையாது சார். அதனால எல்லார் சாமியும் எனக்கு ஒண்ணுதான். உங்களுக்குத்தான் கஷ்டம். உங்களுக்குன்னு ஒரு சாமி இருக்கு."

திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். நோய் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரம்மா என்றேன்.

"நீங்க அன்னைக்கு இருக்குன்னீங்களே சார்" என்றாள் சங்கீதா.

"தப்பா சொல்லிட்டேன்மா."

"அப்ப சாமிதான் வருதா?"

"அது சைக்காலஜிக்குத் தெரியாதும்மா. நோய் இல்லங்கிறது வரைக்கும்தான் அதால சொல்ல முடியும்."

"உங்களுக்கு என்ன தெரியும் சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் கை தானாக நெற்றித் திருமண்ணைத் தொட்டுவிட்டு இறங்கியது. அஞ்சலைதான் மகளை அதட்டினாள். பிறகு என்னிடம், இந்த வருஷம் காப்பு கட்டிக்கொள்ள மாட்டேன் என்று தெருவில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். திருவிழாவுக்கு முன்னால் கையில் மஞ்சள் கயிறு கட்டுவதுதான் காப்பு. அது கட்டாவிட்டால் ஆற்றங்கரையில் அவளுக்கு இடம் இல்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். "படிச்ச புள்ள சொல்லுது. சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் பிறந்த வீட்டில் மாரியம்மன்தான். எனக்கு வாக்கப்பட்ட பிறகும் ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுகிறவள். கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். அப்புறம், இத்தனை வருஷம் என் கூழையும் இப்படித்தான் உள்ளுக்குள்ளே சிரித்துக்கொண்டு குடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சத்தியம் பண்ணினேன். நம்பினாளோ என்னவோ. போய் அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் கல்லங்குறிச்சிப் பக்கம் போகாதீர்கள் என்றாள். அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருமானூர் போய் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஊருக்குப் போனேன். அஞ்சலையின் தம்பி முருகேசன் வாசலில் நின்றிருந்தார். கொத்தனார் வேலை பார்க்கிறவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். "பரவால்ல, சார் நம்ம வூட்டுத் தண்ணியக் குடிக்கிறாரே" என்று அவர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

அதில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை எடுத்தது, வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி அந்தத் தெருவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நாக்கைத் துருத்திக்கொண்டு, நெற்றியில் நாமத்தோடு, டேய் கூழு எங்கடா என்று கத்துகிறேன். பிள்ளைகளின் சிரிப்பு கேட்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன், ஒருவன் தன்னை இப்படி ஒரு தடவை பார்த்தால் போதும். அப்புறம் அவனுக்குக் கர்வம் என்று ஒன்று மிஞ்சாது.

"தெரு பூரா பாத்தாச்சு சார்" என்றார் முருகேசன். "பசங்க ஒதைக்கணும்னாங்க. நாந்தான் வேணாம்னேன், புள்ள படிக்கிற எடம்னு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதே பாடத்த உங்க பெருமாளுக்கும் நடத்துவீங்களா?"

"மாட்டேங்க" என்றேன்.

சமாளிக்காமல் அன்றைக்கு நான் சொன்ன ஒரே பதில் அதுதான். அவர் போனை மடியில் போட்டுக்கொண்டார்.

அஞ்சலை உள்ளேயிருந்து வந்தாள். நான் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப்போய், "நீங்க எதுக்கு சார். புள்ளைங்களுக்குச் சிரிப்புக் காட்டச் செஞ்சிருப்பீங்க" என்றாள். அது திட்டியதைவிட வலித்தது. காப்பு கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். சங்கீதாவும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் சரி என்றாள். முருகேசன் மட்டும், சிரித்த பிள்ளைகள் முன்னாலும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாளே சொன்னேன். பாடம் எடுக்கிற தோரணையில் இல்லை, குற்றவாளி மாதிரி நின்று சொன்னேன். நான் அன்று நடத்தியது அறிவியல் இல்லை, கிண்டல். அறிவியல் என்றால் பார்த்து, கேட்டு, சோதித்துச் சொல்வது. நான் யாரையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. ஒருவருக்கு அவஸ்தை இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, வேலை கெடுகிறதா என்று அறிவியல் கேட்கும். இருந்தால் எந்தச் சாமி பேரைச் சொன்னாலும் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லும். இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்ளும். சாமி உண்டா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லாது, சொல்ல அதனிடம் கருவி கிடையாது. இவ்வளவும் சொன்னேன்.

உமா எழுந்தாள். வீடியோவில் சத்தமாகக் கேட்ட சிரிப்பு அவளுடையதுதான். "அப்ப நீங்க அழுவுறதும் அவங்க ஆடுறதும் ஒண்ணா சார்?" என்றாள், இந்த முறை சிரிக்காமல்.

"ஒண்ணான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ரெண்டுக்கும் ஒரே கேள்விதான் கேக்கணும். நான் என்னைய மட்டும் கேக்காம விட்டுட்டேன்" என்றேன்.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தப்பை ஒத்துக்கொண்டால் தப்பு போய்விடும் என்று நினைக்கிற வயசா அது எனக்கு?

திருவிழாவன்று என்னையும் மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே கொள்ளிடக்கரைக்குப் போய்விட்டோம். மணலில் கரகம் ஜோடித்து வைத்திருந்தார்கள். வேப்பிலையும் அரளியுமாக அம்சமாக இருந்தது. அஞ்சலை குளித்து ஈரப் புடவையோடு, மஞ்சள் காப்போடு வந்து கரகத்துக்கு எதிரே நின்றாள். சங்கீதா கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்தன. பூசாரி ஆத்தாளை வர்ணித்துப் பாடினார்.

வரவில்லை.

பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அஞ்சலை கண்ணை மூடினாள், திறந்தாள். ஒருமுறை தோள் லேசாக அசைந்தது. அருள் இறங்கியதும் போடுகிற குலவைக்குக் கூட்டம் தயாரானது. அந்த அசைவு அடங்கிவிட்டது. வெயில் ஏறியது. பிள்ளைகளின் கால் மணலில் சுட ஆரம்பித்தது. பின்னால் ஒரு கிழவர், அவளுக்குத்தான் நோய்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களே என்று முணுமுணுத்தார். நோய் இல்லை என்று சொன்னதைவிட, ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்பதுதான் தெருவில் நின்றிருக்கிறது.

அப்போது நான் வேண்டினேன். தாயே, என் பாடத்துக்காக இவளைத் தண்டிக்காதே, வந்துவிடு என்று வேண்டினேன். சைக்காலஜி வாத்தியார், பெருமாளைத் தவிர வேறு சாமியிடம் ஒன்றும் கேட்டறியாதவன், நெஞ்சில் கை வைத்து அந்த மாரியிடம் கேட்டேன். பக்கத்தில் என் மனைவியின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. வரவில்லை.

கடைசியில் பூசாரி பம்பையை நிறுத்தச் சொன்னார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லி, அதை வைத்து உத்தரவு வாங்கினார். கரகம் எழும்பியது. தெரு முனையில் வேறொரு பெண்ணுக்கு அருள் வந்தது. அந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ வந்த மருமகள். கூட்டம் அவளிடம் ஓடியது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் காலில் முதலில் ஊற்றியது அஞ்சலைதான். ஊற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். அவளே பேசினாள்.

"வராதுன்னு தெரியும் சார். எம்பொண்ணு முன்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. பாவம், வரணும்னுதான் பாக்குறா. ஆனா அவ பாக்கப் பாக்க நானும் என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறேன். கை இப்புடி இருக்கே, தல இப்புடி இருக்கேன்னு. பாத்துக்கிட்டு நின்னா எங்க வரும்?"

கும்பிட்டுவிட்டு மனைவியோடு பஸ் ஏறினேன்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். பாடத்தை என்னைவிட நன்றாக நடத்துவீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை சாமியைப் பற்றிக் கேட்டால் பயந்து மழுப்பாதீர்கள். ஆளுக்கு அவஸ்தை என்றால் சாமி பேரால் தாமதிக்காதீர்கள். அவஸ்தை இல்லாத இடத்தில் கத்தியை எடுக்காதீர்கள். உங்கள் சாமிக்கு ஒரு பாடம், அவர்கள் சாமிக்கு ஒரு பாடம் நடத்தாதீர்கள். சாமியே இல்லை என்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளை நீங்கள் சொல்வதை வீட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே அது யார் தலையில் இறங்கும் என்று நமக்குத் தெரியாது.

சங்கீதா நல்லபடியாக முடித்தாள். மனநல வார்டைக் கேட்டு வாங்கி வேலை பார்க்கிறாள். எப்போதாவது போன் பண்ணுவாள். ஆடிக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குத் தவறாமல் போகிறாள். ஆனால் ஆற்றங்கரைக்கு மட்டும் போவதில்லை. "நான் பாக்காம இருந்தா வருமோ என்னமோ சார்" என்றாள். தெருவே ஆற்றுக்குப் போன பிறகு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, பம்பைச் சத்தத்துக்கு நடுவே குலவைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பாளாம்.

இந்த ஆடியிலும் கேட்கவில்லை என்றாள்.